மழை கொட்டும்போது அளந்து பாருங்கள்: குதிரைமுக ஓடைகளுக்காக ஒரு திறந்த மடல்

கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும், குதிரைமுக தேசியப் பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் வனத்துறைக்கும், கே.ஐ.ஓ.சி.எல். நிறுவனத்திற்கும்,

வணக்கம்.

நான் சென்னைக்காரி. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த மடலைக் கன்னடத்திலும் எழுதி உங்களுக்குத் தபாலில் அனுப்புகிறேன். தமிழில் இங்கே வைப்பதற்குக் காரணம், ஒவ்வோர் ஆண்டும் இங்கிருந்து ஏராளமான பேர் ஹொரநாடு அன்னபூர்ணேஸ்வரியைப் பார்க்கப் போகிறார்கள். களசா ஊரைத் தாண்டும்போது பத்ரா ஆற்றைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அந்த ஆற்றின் தலைமாட்டில், குதிரைமுகத்தில், மூடப்பட்ட ஒரு பெரிய இரும்புச் சுரங்கம் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

நானும் அப்படிப் போனவள்தான். முதல் தடவை ஒரு மே மாதம். தண்ணீர் முழங்கால் அளவு. கூழாங்கற்களை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. கல்மேல் பாசியை மேய்ந்துகொண்டு கல்லொட்டி மீன்கள் ஒட்டியிருந்தன. அடுத்து ஒரு ஜூலையில் போனேன். பாலத்தில் நின்று பார்த்தால் அதே ஆறு காபி நிறத்தில் இரைந்துகொண்டு போனது. பக்கத்தில் நின்றவர், "மழைக்காலத்தில் எல்லா ஆறும் இப்படித்தானே?" என்றார். பாதி சரி. மலை ஆறு எதுவும் பெருமழையில் கலங்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கலங்கலில் காடு தந்தது எவ்வளவு, வெட்டிப்போட்ட மலை தந்தது எவ்வளவு என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்தால்தான் தெரியும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1976-ல் குதிரைமுக இரும்புத்தாது நிறுவனம் (இன்றைய கே.ஐ.ஓ.சி.எல்.) தொடங்கியது. ஈரானுக்குத் தாது விற்பதாக ஒப்பந்தம். அங்கே புரட்சி வந்து அந்த விற்பனை நின்றுபோனாலும் சுரங்கம் நிற்கவில்லை. அங்கிருந்தது தரம் குறைந்த தாது. தோண்டிப் பொடியாக்கி இரும்பைப் பிரித்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தேறும். தேறியதைத் தண்ணீரில் குழம்பாக்கி 67 கிலோமீட்டர் குழாய் வழியாக மங்களூர்த் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். தேறாத மாவு மண் எல்லாம் லக்யா ஹொளெ என்ற ஓடையின் குறுக்கே கட்டிய, நூறு மீட்டர் உயர மண் அணைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. கூடலூர்க் காட்டுக்காக 1995-ல் தொடங்கிய கோதவர்மன் வனப் பாதுகாப்பு வழக்கின் தொடர்ச்சியாக, வனப் பாதுகாப்பு ஆர்வலர் கே.எம். சின்னப்பா போட்ட மனுவின் பேரில், சுரங்கத்தை மூடச் சொல்லி 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2005 கடைசியில் சுரங்கம் நின்றது. நீலகிரிக் காட்டில் தொடங்கிய ஒரு வழக்கு பத்ராவின் பிறப்பிடம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனம் நிறைகிறது.

சுரங்கம் நின்ற பிறகு வெட்டிய சரிவுகளில் மரம் நட்டிருக்கிறார்கள், புல் பிடித்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை. ஆனால் என் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது, சீரமைத்த நிலத்தைப் பற்றி மேலேயுள்ள பச்சையைக் கேட்கக் கூடாது, கீழே ஓடும் ஓடையைக் கேட்க வேண்டும்.

ஓடையைக் கேட்டவர்கள் உண்டு. சுரங்கம் இயங்கிய காலத்தில் ஜகதீஷ் கிருஷ்ணசாமியும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் பத்ராவின் வண்டலை அளந்தார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீர்ப்பிடிப்புப் பரப்பில் சுரங்கத்தின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆறு சுமந்துபோன வண்டலில் பாதிக்கு மேல் அந்தத் துண்டு நிலத்திலிருந்து வந்தது. ஒரு வீட்டில் நூறு பேர் இருந்து, ஒரே ஒருவர் மட்டும் பாதிச் சோற்றைச் சாப்பிடுவது போல.

அன்றைக்குப் பாதிக்கு மேல். இருபது ஆண்டு கழித்து இன்றைக்கு எவ்வளவு? இந்த ஒரு கேள்விக்கான பதிலை, களசாவில் காபித் தோட்டம் வைத்திருப்பவரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் தெரிந்துகொள்ளும்படி நீங்கள் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன். அளவு கால்பங்காகக் குறைந்திருந்தால் அது உங்களுக்கும் பெருமை, நட்ட மரத்துக்கும் பெருமை. குறையவில்லை என்றால் எந்தச் சரிவு இன்னும் கரைகிறது என்று கண்டுபிடித்து அங்கே போய் வேலை செய்யலாம். இரண்டில் எதுவாக இருந்தாலும் எண் தெரிய வேண்டும்.

எப்படி அளப்பது என்பதில்தான் நான் சொல்ல வேண்டியது அதிகம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஓர் இடத்தில் (எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை) மாதம் ஒரு தடவை ஆற்றில் மாதிரி எடுப்போம். பாட்டிலை ஆற்றுத் தண்ணீராலேயே மூன்று தடவை அலசி, நீரோட்டத்துக்கு எதிரே நின்று, நடு ஆழத்தில் அமிழ்த்தி நிரப்பி, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். நாங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். ஒன்றை மட்டும் செய்யவில்லை. மழை நாளில் போகவில்லை. ஜீப் போகாது, பாதை வழுக்கும், ஆற்றில் இறங்க முடியாது, கேட்டால் பாதுகாப்பு என்று ஒரு காரணம் இருந்தது. அதனால் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் போவோம். ஐந்து ஆண்டுப் பதிவேட்டையும் புரட்டினால் ஆறு எப்போதும் தெளிவாகவே ஓடியது. ஒரு நாள் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, "நீங்க எழுதி வச்சிருக்கறது எந்த ஆத்தம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் பொய் எழுதவில்லை. ஆனால் ஆறு மண்ணைச் சுமக்கும் நாளில் நாங்கள் ஒருவரும் அங்கே இல்லை.

மலை ஓடை ஆண்டு முழுக்கச் சுமக்கும் வண்டலில் பெரும்பகுதி, சில பெருமழை நாட்களில், சில மணி நேரங்களில் போய்விடுகிறது. சென்னையில் ஆண்டுக்கு 1400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. குதிரைமுகத்தில் அது 5000 மில்லிமீட்டரைத் தாண்டும், அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். அங்கே பிப்ரவரியில் நிரப்பிய பாட்டில் பிப்ரவரியைப் பற்றி மட்டுமே பேசும். ஜூலையில் கூட, மழை விட்ட மறுநாள் காலை நிரப்பினால், வெள்ளம் ஏறிய முதல் இரண்டு மணி நேரத்தில் போன மண் அதில் இருக்காது. வெள்ளம் ஏறும்போதுதான் ஓடை மிக அதிகமாகக் கலங்கும். வடியும்போது அதே உயரத் தண்ணீரில் மண் குறைந்துவிடும்.

ஆகவே மழைக்குள் அளக்க வேண்டும். ஆளை ஆற்றில் இறக்கச் சொல்லவில்லை. கலங்கலைத் தானாகப் பதியும் மீட்டர்கள் இருக்கின்றன. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும். கூடவே நீர்மட்டத்தைப் பதியும் கருவி ஒன்று. அதற்குப் பணம் ஒதுக்கும் வரை ஒரு பழைய முறையும் இருக்கிறது. கரையோரம் உறுதியான கம்பம் நட்டு, வெவ்வேறு உயரத்தில் பாட்டில்களைக் கட்டிவிடுவது. ஒவ்வொன்றின் மூடியிலும் வளைந்த இரண்டு குழாய்கள், ஒன்று தண்ணீர் உள்ளே வர, மற்றது காற்று வெளியே போக. ஆறு ஏற ஏற ஒவ்வொரு பாட்டிலாக நிரம்பும். மழை விட்ட பிறகு போய் எடுத்து வந்தால், வெள்ளம் ஏறிய வேளையில் என்ன ஓடியது என்று வரிசையாகக் கையில் இருக்கும். அதை வடிதாளில் வடிகட்டி, 105 டிகிரியில் உலர்த்தி, எடை போட வேண்டும். தராசும் அடுப்பும் வடிதாளும் இருந்தால் எந்தக் கல்லூரி லேபிலும் செய்யலாம்.

ஓரிடத்தில் அளந்தாலும் போதாது. சுரங்க நிலத்துக்கு மேலே பத்ராவில் ஒரு நிலையம், லக்யா அணைக்குக் கீழே ஓடையில் ஒன்று, இரண்டும் சேர்ந்த பிறகு களசாவுக்கு வரும் வழியில் ஒன்று. இவற்றோடு நான்காவதாக, சுரங்கமே தொடாத, அதே அளவுள்ள ஒரு சோலைக்காட்டு ஓடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஓடை இல்லாவிட்டால், "மழையில் எல்லா ஆறும் கலங்கும்" என்று பாலத்தில் ஒருவர் சொன்னாரே, அதற்கு நம்மிடம் பதில் இருக்காது. அதே மழை, அதே மலை, ஒன்று வெட்டியது, ஒன்று வெட்டாதது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம்தான் சுரங்கத்தின் பங்கு. அந்த வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கினால் மலை ஆறுகிறது என்று நம்பலாம்.

இன்னொரு விஷயம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நீர் வகைப்பாட்டை எடுத்துப் பாருங்கள், ஏ முதல் ஈ வரை. குடிநீருக்கு ஏற்ற 'ஏ' வகை என்று சொல்ல என்ன கேட்கிறார்கள்? அமில காரத்தன்மை 6.5-லிருந்து 8.5-க்குள், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் குறையாமல், பி.ஓ.டி. (தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 2-க்கு மேல் போகாமல், கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மில்லிக்கு 50-க்குள். அவ்வளவுதான். மிதக்கும் மண் எவ்வளவு என்ற கேள்வியே அந்த அட்டவணையில் இல்லை. சாக்கடை கலக்கும் ஆறுகளை மனத்தில் வைத்துப் போட்ட அட்டவணை அது, அந்த வேலைக்கு அது சரி. ஆனால் குதிரைமுக ஓடையில் சாக்கடை கலக்கவில்லை. பாறைமேல் துள்ளி விழும் தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருக்கும். தாதுவில் கந்தகக் கூட்டுப்பொருள்கள் மிகுந்த சுரங்கங்களில் தண்ணீர் அமிலமாகும். இங்கேயிருந்தது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, அந்த அபாயம் குறைவு. ஆகக்கூடி, மண் கரைந்து ஓடும் நாளிலும் இந்த அட்டவணை 'நன்று' என்று மதிப்பெண் போட்டுவிடும். இந்த ஆற்றின் நோய் கலங்கல். மருத்துவர் காய்ச்சலை மட்டும் பார்த்து, மூச்சுத்திணறலைக் கேட்காமல் அனுப்பினால் எப்படி? கலங்கல் அளவும், மிதக்கும் திண்மமும், இரும்பும், மாங்கனீசும் தயவுசெய்து உங்கள் பட்டியலில் முதலில் வரட்டும்.

மண்தானே, அதனால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மாவாக அரைத்த மண் அது, சாதாரண மணல் இல்லை. கூழாங்கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும். அந்தச் சந்துகளில்தான் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்ற பூச்சிகளின் குஞ்சுப்புழுக்கள் வாழ்கின்றன. அவற்றைத்தான் மீன் தின்கிறது. பல மீன்கள் முட்டை வைப்பதும் கல்லிடுக்கில்தான். சந்து அடைபட்டால் முட்டைக்குக் காற்றில்லை. என் பங்குக்கு ஒரு யோசனை: ஆண்டுக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னும் பின்னும், நான்கு ஓடைகளிலும் கல்லைப் புரட்டிப் பூச்சி எண்ணுங்கள். ரசாயனப் பரிசோதனை அந்த நொடியைத்தான் சொல்லும். கல்லுக்கடியில் இருக்கும் பூச்சி கடந்த ஆறு மாதமும் அந்தத் தண்ணீரில் உயிரோடு இருந்தது என்று சொல்லும். வயலில் படியும் வண்டலையும் பத்ராவின் குறுக்கேயுள்ள லக்கவள்ளி அணையில் சேரும் வண்டலையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பத்ரா பாசனத்தை நம்பி ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர் நிலம் இருக்கிறது.

லக்யா அணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுரங்கம் மூடிவிட்டது, அணை மூடவில்லை. தினமும் அது தண்ணீரையும் கழிவு மண்ணையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. மண் அணை எதிலும் கொஞ்சம் கசிவு இருக்கும், அது இயல்பு. கசியும் நீர் கண்ணாடி போல் இருக்கும் வரை பெரிய கவலை இல்லை. அது கலங்க ஆரம்பித்தால், அணையின் உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அணைப் பொறியாளர்கள் அஞ்சும் அறிகுறிகளில் முக்கியமானது அது. ஆக, அணையடியில் வைக்கும் கலங்கல் மீட்டர் மீனுக்காக மட்டும் இல்லை. கீழே குடியிருக்கும் மனிதருக்கும் அதுதான் காவல்.

2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் உடைந்ததும் இரும்புச் சுரங்கத்தின் கழிவு அணைதான். அதில் கழிவு கொட்டுவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 270 பேர் போனார்கள். அந்த அணையும் லக்யாவும் ஒன்று என்று சொல்லவில்லை, கட்டிய முறை வேறு. ஆனால் "நிறுத்திவிட்டோம்" என்பது ஓர் அணைக்குப் பாதுகாப்பு ஆகாது என்பதை அங்கே செத்தவர்கள் காட்டிவிட்டார்கள். கசிவு அளவும், கசிவின் கலங்கலும், அணையின் உள்ளே இருக்கும் நீர்மட்டமும் மழைக்காலம் முழுக்கக் கண்காணிக்கப்பட வேண்டும், அந்த எண்கள் களசாவில் இருப்பவர் கண்ணில் பட வேண்டும்.

வெளிநாட்டு அனுபவம் இரண்டைச் சொல்கிறேன், இரண்டும் எனக்குப் பாடமாக இருந்தவை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபிளாம்போ என்ற செப்புச் சுரங்கம் 1993 முதல் 1997 வரைதான் ஓடியது. பிறகு குழியை நிரப்பிப் புல்வெளியாக்கினார்கள். நல்ல சீரமைப்புக்கு உதாரணமாகவே அதைக் காட்டினார்கள். ஆனால் ஓரத்தில் ஒரு சின்ன ஓடை, பெயர்கூட இல்லை, 'சி' ஓடை என்பார்கள். 2012-ல் செம்பு, துத்தநாக நச்சுத்தன்மைக்காகப் பழுதுபட்ட நீர்நிலைகளின் பட்டியலில் அந்த ஓடை சேர்ந்தது. சுரங்கம் மூடி 15 ஆண்டு கழித்து! சின்ன ஓடையையும் விடாமல் மக்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அது வெளியே வந்தது. இன்னொன்று ஆஸ்திரேலியாவின் ரேஞ்சர் யுரேனியச் சுரங்கம், 2021 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அங்கே மகேலா ஓடையில் சுரங்கத்துக்கு மேலேயும் கீழேயும் தொடர்ந்து அளக்கிறார்கள். அளப்பவர்களில் சுரங்க நிறுவனத்தைச் சேராத, அரசு 1978-லேயே அமைத்த மேற்பார்வை விஞ்ஞானி அலுவலகமும் உண்டு. ஓடையில் நத்தைகளை வைத்து அவை முட்டையிடுவதைக்கூட எண்ணிப் பார்த்தார்கள். அந்த அக்கறை நமக்கும் முடியும். நத்தை இங்கேயும் இருக்கிறது, எண்ணத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நீங்கள் ஏற்கெனவே இதையெல்லாம் அளந்துகொண்டிருந்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அப்படியானால் என் வேண்டுகோள் இன்னும் சுலபம்: களசா பேருந்து நிலையத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒரு பலகை வையுங்கள். நேற்றைய மழை, நேற்றைய கலங்கல், போன ஆண்டு இதே வாரத்துக் கலங்கல், வெட்டாத ஓடையின் கலங்கல். நான்கே எண், கன்னடத்தில். ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும் எண்ணை ஆற்றோரம் மோட்டார் வைத்திருப்பவர் பார்க்கப் போவதில்லை. அளக்கும் பொறுப்பும் தோண்டியவர்கள் கையில் மட்டும் இருக்க வேண்டாம். செலவை அவர்கள் ஏற்கட்டும், பாட்டிலை வேறொருவர் நிரப்பட்டும். பக்கத்துப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தால், அதிகாரிகள் மாற்றலாகிப் போன பிறகும் பதிவேடு தொடரும். இருபது ஆண்டுப் பதிவு இல்லாமல் மலை ஆறியதா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

சென்னைக்காரிக்கு இதில் என்ன உரிமை என்று யாராவது கேட்கலாம். பத்ரா கூட்லியில் துங்காவோடு சேர்கிறது, துங்கபத்ரா கிருஷ்ணாவில் கலக்கிறது, கிருஷ்ணா நீர் ஸ்ரீசைலத்திலிருந்து கண்டலேறு வழியாக எங்கள் பூண்டி ஏரிக்கு 1996 முதல் வருகிறது. அதற்காகக் கர்நாடகமும் தன் பங்கில் 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்திருக்கிறது, அந்த நன்றி எனக்கு உண்டு. குதிரைமுக வண்டல் என் வீட்டுக் குழாயில் வருகிறது என்று நான் சொல்ல மாட்டேன், இடையில் எத்தனையோ அணைகள் இருக்கின்றன. ஆனால் நான் குடிக்கும் தண்ணீரில் ஒரு வாய் அந்த மலையில் பிறந்ததாக இருக்கலாம். அது போதும், கேட்பதற்கு.

வரும் ஜூன் மாதம் முதல் மழைக்கு முன்னால் நான்கு இடங்களிலும் கம்பமாவது நட்டுவிடுங்கள். பாட்டில் கட்டவும், வடிதாள் எடை போடச் சொல்லித் தரவும் ஆள் வேண்டுமானால் என் செலவிலேயே களசாவுக்கு வந்து ஒரு மாதம் தங்கத் தயாராக இருக்கிறேன். மழைச்சட்டை என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஓய்வு பெற்ற நீர்ப் பரிசோதகர் ஒருவர்